காரை ஓடைகளும் காரகோரம் பனியும்

பெரம்பலூர் மாவட்டம் காரை கிராமத்தை ஒட்டி, மழை அரித்து ஓடை ஓடையாகக் கிழிந்த பொட்டல் காடு ஒன்று இருக்கிறது. ஒதுங்க நிழல் கிடையாது. குனிந்தபடி நடந்தால் களிமண்ணுக்கு நடுவே ஜிப்சம் மின்னும். பக்கத்திலேயே விரல் நீளத்தில், ஒரு முனை கூராக, துப்பாக்கித் தோட்டா மாதிரிப் பழுப்புக் கற்கள் சிதறிக் கிடக்கும். அவை பெலம்னைட்டுகள், கணவா மீனின் பழைய உறவுக்கார உயிரிகள் உடலுக்குள் சுமந்த கூடு. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது.

அன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் இந்தப் பாறைகளை 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹென்றி பிளான்ஃபோர்டு வரைபடமாக்கினார். இங்கிருந்து கல்கத்தா போய்ச் சேர்ந்த புதைபடிவங்களைப் பிரித்து, பெயரிட்டு, விவரித்தவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. இன்றைய செக் நாட்டின் மொராவியாக்காரர். 1862-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தபோது வயது 24. அந்தக் கடல் இருந்த கிரெட்டேசியஸ் காலத்தின் தென்னிந்திய உயிர்களைப் பற்றி நான்கு தொகுதிகள் எழுதி 1873-ல் முடித்தார். அம்மோனைட் என்ற சுருள் கூட்டுக் கடலுயிரியின் அரியலூர்ப் புதைபடிவங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்றும் அவற்றைப் புரட்டாமல் நகர முடியாது.

அதே மனிதர் 1864-லும் 1865-லும் கோடையில் இமயமலை ஏறினார். ஸ்பிட்டி, ருப்ஷு என்று நடந்து, அடுக்கடுக்காகப் பாறைகளைப் பதிவு செய்தார். அங்கே அவர் பெயரிட்ட அடுக்குகளில் ஒன்று சிக்கிம் சுண்ணாம்புக்கல். மாநிலத்தை நினைக்க வேண்டாம். ஸ்பிட்டியில் இன்று சிச்சிம் என்று அழைக்கப்படும் ஊர்ப் பெயர் அது. அந்தச் சுண்ணாம்புக்கல்லும் கடலடியில் படிந்ததுதான். காலமும் நம் காரைக் களிமண்ணின் அதே கிரெட்டேசியஸ்தான். ஒன்று கடல் மட்டத்துக்கு மேல் நூறு மீட்டர் அளவில் வெயிலில் காய்கிறது. மற்றது 4,000 மீட்டருக்கு மேலே பனியில் உறைகிறது.

வித்தியாசம் எங்கே வந்தது? காரைக் கடல், இந்தியா அண்டார்க்டிகாவை விட்டுப் பிரிந்தபோது உண்டான புதிய கரையின் கடல். வடக்கே நகர்ந்த நிலத்துக்கு அது பின்பக்கம். அங்கே மோத எதுவும் இல்லை. கடல் ஏறியது, வடிந்தது, அடுக்குகள் கிழக்கே லேசாகச் சாய்ந்தன, கதை அவ்வளவே. காரையிலிருந்து கிழக்கே அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் வரை போனால் கோடிக்கணக்கான ஆண்டுகளைக் கடந்துவிடலாம். பஸ்ஸிலேயே போகலாம். ஸ்பிட்டியின் கடலடியோ முன்பக்க விளிம்பு. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் அது ஆசியாவோடு மோதி, மடிந்து, எழும்பியது. இன்னும் எழும்பிக்கொண்டிருக்கிறது.

மேலே உள்ள பாறையைப் படிக்கக் கொடுக்க வேண்டிய விலை அதிகம். பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில்தான் கிளம்புகிறது. அதைவிடச் செங்குத்தான இடத்தில் பனி சேரச் சேர உதிர்ந்துவிடும். சாய்வு குறைந்த இடத்தில் வழுக்காது. இடைப்பட்ட சரிவில், பலவீனமான பழைய அடுக்கின் மேல் புதுப்பனி கனமாக ஏறியிருந்தால், ஒரு ஆள் எடை போதும். வெயில் ஏறினால் பனி இளகும். அதனால்தான் மலைக்காரர்கள் விடியுமுன்னே கணவாயைத் தாண்டிவிடப் பார்ப்பார்கள். உடல் எடையைப் பரப்பும் அகலமான பனிக்காலணி, ஆளைப் புதையாமல் காக்கும். பனிச்சரிவிலிருந்து காக்காது. பனியிலிருந்து தப்பினாலும் உயரம் விடாது.

மத்திய ஆசியாவின் யார்க்கண்டுக்கு பிரிட்டிஷ் இந்திய அரசு அனுப்பிய இரண்டாம் தூதுக்குழுவோடு 1873-ல் ஸ்டோலிச்கா மறுபடி மலைக்குப் புறப்பட்டார். அந்தக் குளிர்காலத்தில் தியான் ஷான் மலையில் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள சத்தீர் குல் ஏரிக்குப் போய், அந்தப் பாறைகளைப் பற்றியும் எழுதினார். 1874 வசந்தத்தில் பாமீர் பீடபூமி. திரும்பும் வழியில் 5,500 மீட்டருக்கு மேலான காரகோரம் கணவாய். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடலோரத்தில் உள்ளதில் பாதிதான். மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் ஆக்சிஜனும் பாதி. கடும் தலைவலியோடு இறங்கியவர், 1874 ஜூன் 19 அன்று முர்கோ என்ற இடத்தில் இறந்தார். வயது 36. உயரம் உண்டாக்கிய நோய் என்பதே இன்றைய கணிப்பு. கல்லறை லே நகரில் இருக்கிறது.

நம் ஊர்க் கடலைப் பார்க்க யாரும் உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. காரைக்கு மார்கழி, தை மாதங்களில் போங்கள். 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கும் சாத்தனூரையும் அப்படியே பார்த்துவிட்டு வரலாம். ஆனால் கல்லைப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் ஒரு புதைபடிவம் தன் கதையை முழுதாகச் சொல்லும். வீட்டு அலமாரிக்கு வந்துவிட்டால் அது வெறும் கல். படம் எடுத்துக்கொண்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள்.