ஒடுக்கமான எக்சலை எங்கே தேடுவது?

உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. எக்சல் கேட்டு வருபவர் வாகனத்தின் பெயரைச் சொல்வார், அளவைச் சொல்ல மாட்டார். பழைய அமெரிக்க பிக்அப் விடயத்தில் இந்தப் பழக்கம் வாங்குபவர், விற்பவர் இருவரது காசையும் தின்றுவிடும்.

1953 முதல் 1956 வரை வந்த போர்ட் எப்-100ஐ எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் இன்றும் இதைத் திருத்தி ஆசையாக ஓட்டுகிறார்கள். பின்னுக்கு அகலமான டயர் போட விருப்பம். போட்டால் மட்கார்டில் உரசும். பாரம் ஏற்றி ஓடும்போது உரசுகின்ற டயர் வெட்டுப்பட்டு வெடித்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே சக்கரத்தை உள்ளே எடுக்க ஒடுக்கமான பின் எக்சல் தேடுகிறார்கள்.

ஒரே கம்பனிதானே என்று பிந்திய கால எப்-150இன் எக்சலை வாங்கினால் வேலை கெட்டது. அதன் அகலம் சுமார் 65 அங்குலம். தேட வேண்டியது பிக்அப்பில் அல்ல, 1991 முதல் 2001 வரையான போர்ட் எக்ஸ்புளோரரில். நாம் ஜீப் என்று சொல்லும் வகை வாகனம் அது. அதன் 8.8 எக்சல் சுமார் 59.5 அங்குலம். 8.8 என்பது கிரவுன் வீலின் விட்டம். 1995இலிருந்து டிஸ்க் பிரேக்கோடு வந்தது.

இங்கு அகலம் என்று நான் சொல்வது, சக்கரம் பூட்டும் முகத்திலிருந்து மறுபக்க முகம் வரை. டயரின் வெளி ஓரத்தை அளந்து வருபவரைத் திருப்பி அனுப்புங்கள்.

அதுவும் போதாவிட்டால் இன்னும் ஒடுக்கலாம். எக்ஸ்புளோரரின் டிபரன்ஷியல் நடுவில் இல்லை, வலப்பக்கம் தள்ளி இருக்கும். அதனால் இடது குழாயும் இடது ஷாப்டும் நீளம். இடது குழாயில் சுமார் 3 அங்குலம் வெட்டி வெல்டிங் செய்து, இன்னொரு எக்ஸ்புளோரரின் வலது ஷாப்டை இடப்பக்கம் போடுகிறார்கள். அகலம் 56.5 அங்குலமளவில் வரும், டிபரன்ஷியலும் நடுவுக்கு வந்துவிடும். புதிதாக ஷாப்ட் செய்விக்கும் செலவு இல்லை. பாவித்த சாமான் விற்பவனுக்கு இது நல்ல செய்தி: ஒரு எக்சல் வாங்க வந்தவர் கூடவே ஒரு ஷாப்டும் வாங்குவார். ஆனால் வெல்டிங்கை நல்ல பட்டறையில்தான் கொடுக்க வேண்டும். குழாய் நேர் தப்பினால் பெயாரிங்கும் டயரும் சீக்கிரம் தேயும்.

சக்கர நட்டிலும் கவனம் வேண்டும். இரண்டிலும் 5 நட்டுத்தான். ஆனால் எக்ஸ்புளோரரில் வட்டம் 4.5 அங்குலம், எப்-100இல் 5.5. ஆகவே முன் சக்கரம் பின்னுக்குப் பொருந்தாது, ஒரு ஸ்பெயார் சக்கரம் போதாது. இடையில் அடாப்டர் போட்டுச் சமாளிக்கலாம் என்பார்கள். அது சக்கரத்தை மறுபடி வெளியே தள்ளும். பிறகு எதற்கு ஒடுக்கமான எக்சல்?

ஸ்பிரிங் உட்காரும் தட்டுகளையும் பழையதை வெட்டி எடுத்து, புதிய இடத்தில் வெல்டிங் செய்ய வேண்டும். இந்தக் கூலியை முதலிலேயே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுவது நல்லது.

விற்குமுன் டிபரன்ஷியல் மூடியிலுள்ள சிறு தகட்டைப் பாருங்கள். 3.55, 3.73, 4.10 என்று பல் விகிதம் அதில் இருக்கும். இலக்கங்களுக்கு நடுவே ‘எல்’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது லிமிடெட் ஸ்லிப். அதற்குக் கொஞ்சம் கூடுதலாகவே விலை சொல்லலாம்.