சிக்னலில் நடுங்கும் கார் என்ன சொல்கிறது?

ஞாயிற்றுக்கிழமை மாலை சிராங்கூன் சாலையில் கார் ஓட்டியவர்களுக்குத் தெரியும், பாதி நேரம் ஓட்டுவதில்லை, நிற்பதுதான். கியர் 'டி'யில் இருக்கும், கால் பிரேக்கில் இருக்கும். அந்த நேரத்தில்தான் சிலருடைய கையில் ஸ்டீயரிங் லேசாக அதிரும். இருக்கை முதுகில் 'விர்ர்' என்று ஏறும். பக்கத்தில் வைத்த தண்ணீர்ப் போத்தலில் வட்டம் வட்டமாக அலை எழும். பச்சை விளக்கு விழுந்து கார் நகர்ந்ததும் எல்லாம் அடங்கிவிடும். அடங்கிவிடுவதால் அதை மறந்தும் விடுகிறோம்.

மறப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நடுக்கம் வலிப்பதில்லை. கார் ஓடுகிறது, ஏர்கான் குளிர்கிறது, பிள்ளைகளைப் பள்ளியில் விட முடிகிறது. பிறகு ஏன் பணிமனைக்குப் போய் பணத்தைக் கரைக்க வேண்டும் என்று தோன்றும்.

ஆனால் சிங்கப்பூரில் கார் என்பது 10 ஆண்டு வாகன உரிமைச் சான்றிதழுடன் சேர்த்து வாங்கும் பொருள். பல குடும்பங்களுக்கு வீட்டுக்கு அடுத்த பெரிய செலவு அதுதான். சிறிய கோளாறைப் பெரியதென்று நம்பி வண்டியை விற்பவர்களும் இருக்கிறார்கள். பெரிய கோளாறைச் சிறியதென்று நினைத்து ஓட்டிக்கொண்டே இருப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு பத்து நிமிடச் சோதனை இருக்கிறது. அதை நீங்களே செய்யலாம்.

ஒவ்வொன்றாக அடக்கிப் பார்ப்பது

வானொலி ஒலிக்கூடத்தில் திடீரென்று ஓர் இரைச்சல் கேட்டால், நாங்கள் உடனே புது ஒலிவாங்கி வாங்குவதில்லை. ஒவ்வொரு தடமாக ஒலியைக் குறைத்துப் பார்ப்போம். எதைக் குறைத்தபோது இரைச்சல் நின்றதோ, கோளாறு அந்தப் பக்கம். கார் நடுக்கத்துக்கும் இதே வழிதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். என்ன மாறியது என்று கவனிக்க வேண்டும்.

அதற்கு முன் கொஞ்சம் கணக்கு. சாதாரண நான்கு சிலிண்டர் இன்ஜின், கார் நிற்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 700 முறை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு சிலிண்டர்களில் பெட்ரோல் வெடிக்கிறது. அதாவது நிமிடத்துக்கு 1,400 வெடிப்பு, நொடிக்குச் சுமார் 23. ஒவ்வொரு வெடிப்பும் இன்ஜினை ஒரு தட்டு தட்டுகிறது. 2,000 சுற்றில் ஓடும்போது இதே தட்டுகள் நொடிக்கு 67 ஆகிவிடும். வேகமான தட்டுகளை ரப்பர் எளிதாக விழுங்கிவிடும். மெதுவான தட்டுகள்தான் உடம்பு வரை வந்து சேரும். கார் நிற்கும்போது நடுங்கி, ஓடும்போது அடங்குவதன் ரகசியம் இதுதான்.

'டி'யில் மட்டும் ஏன்?

ஆட்டோமேட்டிக் காரில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே பெரும்பாலும் டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. அதனுள் எண்ணெய் சுழன்று, எதிரே உள்ள சக்கரத்தைத் தள்ளுகிறது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓட்டினால், மற்றொன்றும் மெல்லச் சுற்றுமே, அதைப் போல. 'என்'னில் இருக்கும்போது அந்தச் சக்கரம் தடையில்லாமல் சுற்றும். 'டி'யில் போட்டு பிரேக்கை மிதித்தால் அது நின்றுவிடும். ஆனால் இன்ஜின் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆக, கார் நிற்கிறது என்று நாம் நினைக்கும் நேரத்திலும் இன்ஜின் பாரம் சுமக்கிறது. அந்தப் பாரம் அதைத் தாங்கும் ரப்பர் மவுண்டுகளை ஒரு பக்கமாக முறுக்குகிறது.

மவுண்டின் கதை பழையது. நான்கு சிலிண்டர் கார்கள் அதிகம் குலுங்குகின்றன என்ற புகாருக்குப் பதிலாக, 1931ல் அமெரிக்காவின் பிளிமத் நிறுவனம் இன்ஜினை ரப்பர் தாங்கிகளில் மிதப்பதுபோல் பொருத்தி விற்றது. மறு ஆண்டே பிரான்சின் சிட்ரோயன் அந்த நுட்பத்தை வாங்கிக்கொண்டு, தன் கார்களின் முகப்பில் ஓர் அன்னப்பறவைச் சின்னத்தையும் வைத்தது. இன்றைய மவுண்டுகள் பலவற்றில் ரப்பருக்குள் திரவமும் உண்டு. வெயிலும் இன்ஜின் சூடும் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் ரப்பரை வெடிக்க வைக்கின்றன, திரவம் கசிந்துவிடுகிறது. பிறகு இன்ஜின் தட்டுவது அப்படியே வண்டியின் உடம்புக்கு வந்துவிடுகிறது.

பத்து நிமிடச் சோதனை

முதலில் பதினைந்து நிமிடமாவது காரை ஓட்டி இன்ஜினைச் சூடாக்குங்கள். குளிர்ந்த இன்ஜின் சற்று வேகமாகவே சுற்றும், சரியான விடை தராது. பிறகு திறந்தவெளியில் சமமான ஓர் இடத்தில் நிறுத்துங்கள். வீவக அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மூடிய தளம் வேண்டாம், புகை தங்கும். ஹேண்ட்பிரேக்கைப் போடுங்கள். பிரேக்கில் கால் அழுத்தமாக இருக்கட்டும். காருக்கு முன்னும் பின்னும் ஆள் நிற்கக் கூடாது. சோதனை முடிந்ததும் இன்ஜினை அணைத்துவிடுங்கள். போக்குவரத்துக் காரணம் இல்லாமல் நின்ற வண்டியில் இன்ஜினை ஓடவிடுவது இங்கே சட்டப்படி குற்றம்.

ஏர்கானை அணைத்துவிட்டு 'பி', 'என்', 'டி', 'ஆர்' என்று ஒவ்வொன்றிலும் அரை நிமிடம் வைத்துப் பாருங்கள். பிறகு ஏர்கானைப் போட்டு 'என்'னிலும் 'டி'யிலும் மறுபடி பாருங்கள். கடைசியாக 'பி'யில் வைத்து, மெல்ல 1,500 சுற்றுக்கு ஏற்றிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் இரண்டைக் குறித்துக்கொள்ளுங்கள்: சுற்று எண்ணிக்கை எவ்வளவு, நடுக்கம் சீரானதா, தடுமாறுகிறதா.

குறிப்பு என்ன சொல்கிறது?

'என்'னில் அமைதி, 'டி'யில் சீரான அதிர்வு, சுற்று எண்ணிக்கையும் நிலையாக இருக்கிறது என்றால் முதல் சந்தேகம் மவுண்ட் மீது. 'டி'யில் இன்ஜின் ஒரு பக்கம் முறுக்கும், 'ஆரி'ல் மறுபக்கம் முறுக்கும். இரண்டில் ஒன்றில் மட்டும் அதிகம் என்றால், எந்த மவுண்ட் என்று கண்டுபிடிக்க அது மெக்கானிக்குக்கு உதவும்.

எல்லாக் கியரிலும் நடுக்கம், அதுவும் 'தடக்... தடக்' என்று சீரில்லாமல் என்றால், ஒரு சிலிண்டர் சரியாக வெடிக்கவில்லை என்று பொருள். 700 சுற்றில் ஒரு சிலிண்டர் நொடிக்குச் சுமார் ஆறு முறைதான் வெடிக்கிறது. அது தவறினால் வண்டி நொண்டுவதுபோல் இருக்கும். ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஆகியவை இங்கே சந்தேகத்துக்குரியவை. இன்ஜின் விளக்கு எரிந்து எரிந்து அணைந்தால், வண்டியைப் பாதுகாப்பாக ஓரம் கட்டுங்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய், அதைச் சூடேற்றிக் கெடுத்துவிடும். பிளக்கைவிட அது பன்மடங்கு விலை. கட்டாயப் பரிசோதனையில் புகை அளவு தேறாமல் போகவும் இதுவே காரணமாகலாம்.

சுற்று எண்ணிக்கை தாழ்ந்தோ ஏறி இறங்கியோ தவித்தால், காற்றுப் பக்கம் பாருங்கள். காற்றை உள்ளே விடும் திராட்டில் பாடியில் கரி படிந்திருக்கலாம், அல்லது ஒரு ரப்பர் குழாய் வெடித்து, கணக்கில் வராத காற்று நுழையலாம். திராட்டிலைச் சுத்தம் செய்தபின் பல கார்களில் கணினிக்குப் புது அளவைக் கற்றுத்தர வேண்டும். அந்த வேலையை விட்டுவிட்டால், சுத்தம் செய்த மறுநாளும் கார் நடுங்கும்.

ஏர்கான் போட்டால் மட்டும் என்றால், கம்ப்ரஸர் சுமையை இன்ஜின் சமாளிக்கவில்லை என்றிருக்கலாம். அல்லது ரேடியேட்டர் விசிறியின் ஓர் இதழ் உடைந்திருக்கலாம். இதற்குக் கியர்பாக்ஸைப் பிரிக்கத் தேவையே இல்லை. நிற்கும்போது ஒன்றுமில்லை, விரைவுச்சாலையில் 80, 90 கிலோமீட்டர் வேகத்தில்தான் ஆடுகிறது என்றால், அது டயர், சக்கரச் சமநிலை சார்ந்த வேறு கதை.

ஒரு விதிவிலக்கும் உண்டு. மூன்று சிலிண்டர் இன்ஜின் பிறவியிலேயே கொஞ்சம் அதிரும். அதே ரகக் கார் வைத்திருக்கும் நண்பரின் வண்டியில் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

பணிமனையில் என்ன சொல்வது?

என் தோழியின் ஏழாண்டுக் கார் 'டி'யில் நடுங்கியது. ஒரு பணிமனையில் "கியர்பாக்ஸ் பிரச்சினை போலிருக்கு" என்று அவரே சொல்லிவிட்டார். அவர்களும் கியர்பாக்ஸைப் பிரிக்க விலை சொன்னார்கள். இன்னோர் இடத்தில் மேலே எழுதிய குறிப்பை மட்டும் காட்டினார். மெக்கானிக் அண்ணன் பானெட்டைத் திறந்து, பக்கவாட்டில் நின்று, தோழியை 'டி', 'ஆர்' என்று மாற்றச் சொன்னார். இன்ஜின் துள்ளியது. மவுண்டை மாற்றியதோடு வேலை முடிந்தது. நோயைச் சொல்லாமல் அறிகுறியைச் சொல்வது மருத்துவரிடம் மட்டுமல்ல, சின் மிங்கிலும் காக்கி புக்கிட்டிலும் நல்லது.

கேட்க வேண்டியவை மூன்று. ஒன்று, கணினியில் என்ன குறியீடு வந்தது? பி0301 முதல் பி0304 வரை இருந்தால், கடைசி எண்தான் சிலிண்டர் எண். இரண்டு, பாகம் வாங்குமுன் காயிலை இடம் மாற்றிப் பார்த்தீர்களா? இரண்டாம் சிலிண்டரின் காயிலை மூன்றாவதில் போட்டதும் பி0302 என்பது பி0303 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் பிளக்கையும் இன்ஜெக்டரையும் பார்க்க வேண்டும். மூன்று, கழற்றிய பழைய பாகத்தைக் காட்ட முடியுமா? நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்.

புதிய கார் வைத்திருப்பவர்கள் வெளிப் பணிமனைக்குப் போனால் உத்தரவாதம் போய்விடும் என்று பயப்படுவதுண்டு. போட்டித்தன்மை ஆணையம் தலையிட்டபின், முக்கியக் கார் விற்பனையாளர்கள் அந்த நிபந்தனையை நீக்கிவிட்டதாக 2017 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. வெளியில் செய்த வேலையே சேதத்துக்குக் காரணம் என்றால்தான் சிக்கல். பழைய காரைக் கடையில் வாங்கியவர்களுக்கு 2012 செப்டம்பர் முதல் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. ஒப்படைத்த ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, ஒப்படைத்தபோதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று காட்டுவது விற்பவர் பொறுப்பு. காரின் வயதும் கொடுத்த விலையும் கணக்கில் வரும். இயல்பான தேய்மானம் சேராது. தனிநபரிடம் நேரடியாக வாங்கிய காருக்கும் இது பொருந்தாது. ஆகவே அப்படி வாங்குகிறவர்கள் பணம் கொடுக்குமுன் இந்தச் சோதனையைச் செய்துவிடுவது புத்திசாலித்தனம். இன்ஜினைச் சூடாக்கி, ஏர்கானைப் போட்டு, 'டி'யில் நிறுத்தி இரண்டு நிமிடம் பேசாமல் உட்காருங்கள்.

பத்தாம் ஆண்டு நெருங்குகிறவர்களுக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. சான்றிதழை ஐந்தோ பத்தோ ஆண்டுக்குப் புதுப்பிப்பதா, வண்டியை ஒப்படைப்பதா என்பது ஆயிரக்கணக்கான வெள்ளி சம்பந்தப்பட்ட முடிவு. தேய்ந்த ரப்பருக்காக நல்ல இன்ஜினை விட்டுவிடவும் வேண்டாம். நொண்டும் இன்ஜினை நம்பி மேலும் பணம் கட்டவும் வேண்டாம். கைப்பேசியில் நான்கு வரிக் குறிப்பு இருந்தால் போதும். எந்தக் கியர், எத்தனை சுற்று, ஏர்கான் உண்டா இல்லையா, நடுக்கம் சீரா தடுமாற்றமா. அதைப் படித்துக் காட்டிவிட்டு, மெக்கானிக் பேசுவதைக் கேளுங்கள்.