குளிரைக் கணக்கு வைக்கும் பூக்கள்

ஜனவரி மாதக் கடைசியில் இங்கிலாந்தின் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் மரங்கள் மொட்டையாகத்தான் நிற்கும். பொழுது விடியவே காலை எட்டு மணி ஆகிவிடும். புல்மேல் உறைபனி உப்புப் போலப் படிந்திருக்கும். அந்தத் தரையில், மரத்தடிச் சருகுகளுக்கு நடுவே, ஒரு சாண் உயரச் செடிகள் தலைகவிழ்ந்த வெள்ளைப் பூக்களோடு கூட்டமாக நிற்பதைப் பார்க்கலாம். அதுதான் ஸ்னோடிராப். 1753இல் லின்னேயஸ் அதற்கு வைத்த பெயர் 'கேலந்தஸ் நிவாலிஸ்'. முதல் சொல்லுக்குக் கிரேக்கத்தில் பால் பூ என்றும், அடுத்த சொல்லுக்கு லத்தீனில் பனிக்குரியது என்றும் பொருள்.

சுற்றிலும் எல்லாம் உறங்கும்போது இந்தச் செடிக்கு மட்டும் பூக்கத் தெம்பு ஏது? பதில் மண்ணுக்கடியில் இருக்கிறது. ஸ்னோடிராப் நம் சமையலறை வெங்காயத்தின் தூரத்து உறவு. இரண்டும் அமரில்லிடேசி குடும்பம். வெங்காயத்தை நறுக்கினால் தெரியும் அடுக்குகள் எல்லாம், செடி உணவைச் சேர்த்துவைக்கும் தடித்த இலைகளே. ஸ்னோடிராப்பின் குமிழும் அப்படித்தான். பூத்து முடிந்ததும் இலைகள் சில மாதம் வெயில் காய்ந்து, தயாரித்த உணவைக் குமிழுக்குள் இறக்கிவிட்டு வாடிவிடும். கோடையில் அந்த இடத்தில் செடி இருந்த சுவடே தெரியாது. ஆனால் அடுத்த ஆண்டுக்கான மொட்டு அப்போதே குமிழுக்குள் உருவாகிவிடும். ஜனவரியில் செடி புதிதாக எதையும் படைப்பதில்லை. போன கோடையில் செய்துவைத்த பூவை மண்ணுக்கு மேலே தூக்கிக் காட்டுகிறது, அவ்வளவே.

தூக்கிக் காட்டுவதற்கு நேரம் வந்துவிட்டது என்று அதற்கு எப்படித் தெரியும்? இங்கேதான் குளிர் வேலை செய்கிறது. இன்னொரு குமிழ்ச் செடியான துலிப்பைப் பாருங்கள். அதன் குமிழ் 12 முதல் 16 வாரம் குளிரில் கிடக்க வேண்டும். கிடக்காவிட்டால் காம்பு சரியாக நீளாது. மொட்டு இலைகளுக்குள்ளேயே முடங்கிவிடும். வெப்பமான ஊர்களில் துலிப் வளர்ப்பவர்கள் குமிழைக் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்து பிறகு நடுவது இதற்காகத்தான்.

குளிர் நாட்களைத் தாவரம் எப்படி எண்ணுகிறது என்பதற்கு நல்ல விளக்கம், கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்ற சின்னஞ்சிறு செடியில் கிடைத்தது. பூப்பதைத் தடுக்கும் மரபணு ஒன்று அதில் உண்டு; பெயர் எஃப்எல்சி. நார்விச் நகரில் உள்ள ஜான் இன்னஸ் ஆய்வு மையத்தின் கரோலின் டீன் குழு இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. குளிர் நீடிக்க நீடிக்க, ஒவ்வொரு செல்லாக இந்த மரபணு அணைக்கப்படுகிறது. ஒரு வாரக் குளிரில் சில செல்கள். பல வாரக் குளிரில் ஏறக்குறைய எல்லாம். அதனால் இடையில் ஓரிரு நாள் வெயில் அடித்தாலும் செடி ஏமாறாது. குமிழ்ச் செடிகளில் மொட்டு முன்பே தயார் என்பதால் அங்கே குளிரின் பணி வேறு. கணக்கு வைக்கும் பழக்கம் மட்டும் பொது.

மேலே வந்த பிறகும் ஆபத்து தீர்வதில்லை. ஸ்னோடிராப்பின் சாற்றில் உள்ள சில புரதங்கள், பனிப் படிகங்கள் பெரிதாகி செல்லைக் கிழிக்காமல் தடுக்கின்றன. கடும் உறைபனி இரவில் செடி துவண்டு தரையில் படுத்துவிடும்; வெயில் ஏறியதும் எழுந்து நிற்கும். சுமார் 10 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் வெளி இதழ்கள் மூன்றும் விரியும். தேனீ பறக்காத குளிரில் கடை திறந்து என்ன பயன்?

வட அமெரிக்கச் சதுப்பு நிலங்களில் வளரும் ஸ்கங்க் கேபேஜ் இன்னும் ஒரு படி மேலே போகிறது. கிழங்கில் சேர்த்த மாவுச்சத்தை எரித்து, பூத்திரளைக் காற்றைவிட 15 டிகிரிக்கும் அதிகமாகச் சூடாக்கி, சுற்றியுள்ள பனியையே உருக்கிவிடும். இது நம் சேனைக்கிழங்கின் குடும்பம். சேனைப் பூவும் சூடாகும். அந்தச் சூட்டில்தான் அதன் நாற்றம் பரவிப் பூச்சிகளை அழைக்கிறது.

இவ்வளவு பாடுபட்டு முந்திக்கொள்வது எதற்கு? மரங்கள் துளிர்த்துவிட்டால் தரைக்கு வெளிச்சம் வராது. அதற்குள் பூத்து, இலை விரித்து, அடுத்த ஆண்டுக்குச் சேமித்தாக வேண்டும். கால அட்டவணை தவறினால் பிழைப்பு போச்சு.

அந்த அட்டவணைதான் இப்போது நகர்கிறது. நார்ஃபோக் பகுதியைச் சேர்ந்த நிலக்கிழார் ராபர்ட் மார்ஷம், 1736 முதல் தன் நிலத்தில் ஸ்னோடிராப் பூத்த நாள், மரங்கள் துளிர்த்த நாள், குயில் கூவிய நாள் எனக் குறித்துவந்தார். அவருக்குப் பின் அவர் குடும்பம் 1958 வரை அதைத் தொடர்ந்தது. இவரைப் போன்றோர் பிரிட்டனில் சேர்த்துவைத்த பதிவுகள் ஏராளம். 1753 முதலான அப்படிப்பட்ட 4 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை, 406 வகைத் தாவரங்களுக்கு, கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2022இல் ஒப்பிட்டார்கள். 1986 வரையிலான சராசரியைவிட, 1987க்குப் பிறகு முதல் பூ சுமார் ஒரு மாதம் முன்னதாகவே மலர்கிறது. முந்திப் பூத்தபின் ஒரே ஒரு இரவு உறைபனி திரும்பி வந்தாலும் பழத்தோட்டக்காரருக்கு அந்த ஆண்டு விளைச்சல் போய்விடலாம்.

பூக்காலம் முந்துகிறது என்ற உண்மையைச் சொல்ல உதவியவர்களில் பெரும்பாலோர் விஞ்ஞானிகள் அல்லர். தோட்டத்தைப் பார்த்துத் தேதி எழுதியவர்கள். உங்கள் தெருவில் உள்ள கொன்றை இந்த ஆண்டு எந்தத் தேதியில் முதல் பூவை விட்டது? தெரிந்தால் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அடுத்த ஆண்டும் எழுதுங்கள்.