பழைய அடுக்குமாடி வீட்டின் விலையும் பிரிபடாத நிலப்பங்கும்

சென்னையில் முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட அடுக்குமாடி வீடு ஒன்று, அதே தெருவில் எழும் புதிய வீட்டின் விலைக்கே விற்கப்படுவது உண்டு. மயிலாப்பூர், தியாகராய நகர், அண்ணா நகர் போன்ற பகுதிகளில் இதைப் பரவலாகக் காணலாம். பழைய வீட்டில் லிஃப்ட் இராது, கார் நிறுத்த இடம் இராது, மழைக்காலத்தில் சுவரில் ஓதம் ஏறும். அப்படியிருந்தும் விலை இறங்குவதில்லை. வாங்குபவர் கட்டடத்தை மட்டும் வாங்குவதில்லை, அது நிற்கும் மனையில் ஒரு பங்கையும் சேர்த்தே வாங்குகிறார் என்பதே இதற்கு முதன்மைக் காரணம்.

பிரிபடாத நிலப்பங்கு

அடுக்குமாடிக் குடியிருப்பில் மனையைத் துண்டு துண்டாக அளந்து வேலி போட முடியாது. எனவே முழு மனையில் இத்தனை சதுர அடி என ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பங்கு கிரயப் பத்திரத்தில் எழுதப்படுகிறது. இதுவே பிரிபடாத நிலப்பங்கு. வீட்டுத் தரகர்கள் பேச்சில் 'யுடிஎஸ்' என்பார்கள்.

கட்டடம் ஆண்டுதோறும் தேய்கிறது. நிலம் தேய்வதில்லை; நகரின் நடுப்பகுதியில் அதன் விலை நீண்ட காலப் போக்கில் ஏறியே வந்துள்ளது. ஆகவே வீடு பழையதாக ஆக, அதன் விலையில் கட்டடத்தின் பகுதி சுருங்கி, நிலத்தின் பகுதி பெருகுகிறது.

ஒரு கணக்கு

இரண்டு கிரவுண்டு மனை, அதாவது 4,800 சதுர அடி. அதில் 900 சதுர அடி கொண்ட 8 வீடுகள் பழைய கட்டடத்தில் உள்ளன என்று கொள்வோம். ஒவ்வொரு வீட்டின் நிலப்பங்கு 600 சதுர அடி. கட்டிய மொத்தப் பரப்பு 7,200 சதுர அடி, அதாவது மனையைப் போல 1.5 மடங்கு. இந்த மடங்குக்குத் தளப்பரப்புக் குறியீடு என்று பெயர். சென்னையில் சாதாரண உயரக் கட்டடங்களுக்குப் பொதுவாக 1.5 ஆக இருந்த இது, 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் 2 ஆனது. பக்கத்து மனையில் இன்று 2 என்ற அளவில் கட்டினால், 900 சதுர அடி வீட்டுக்குக் கிடைக்கும் நிலம் 450 சதுர அடிதான்.

கணக்கு எளிதாக இருக்க, நிலம் சதுர அடி 12,000 ரூபாய், கட்டுமானச் செலவு சதுர அடி 2,500 ரூபாய் என வைத்துக்கொள்வோம். புதிய வீட்டில் நிலம் 54 லட்சம், கட்டடம் 22.5 லட்சம், ஆக 76.5 லட்சம். அதன்மேல் கட்டுநரின் வட்டியும் இலாபமும் ஏறும். பழைய வீட்டில் நிலம் 72 லட்சம். 60 ஆண்டு ஆயுளில் 30 கழிந்துவிட்டதால் கட்டடம் பாதி மதிப்பு, 11.25 லட்சம், ஆக 83.25 லட்சம். பள்ளியில் தேய்மானக் கணக்கு போட்ட மாணவர்கள் இதை வேறு எண்களை வைத்தும் போட்டுப் பார்க்கலாம். நிலத்தின் விலையைக் குறைத்துக்கொண்டே போனால், ஓரிடத்தில் பழைய வீடு மலிவாகிவிடும். புறநகரில் பழைய வீடுகள் விலை போகாததற்கு இதுவும் ஒரு காரணம்.

பிற காரணங்கள்

பழைய கட்டடத்தை இடித்துக் கட்டும்போது 7,200 சதுர அடி இருந்த இடத்தில் 9,600 சதுர அடி எழுப்பலாம். பழைய உரிமையாளர்களுக்கு அவரவர் பரப்பைப் புதிதாகக் கொடுத்தாலும், கட்டுநருக்கு விற்க 2,400 சதுர அடி மிஞ்சும். இந்த எதிர்பார்ப்பும் விலையில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் இடிக்க உரிமையாளர்கள் இணங்க வேண்டும். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உடைமைச் சட்டம், 2022, மூன்றில் இரண்டு பங்கினரின் ஒப்புதல் போதும் என்கிறது. எட்டு வீட்டில் ஆறு பேரை ஒரே மேசையில் உட்கார வைப்பது எவ்வளவு பாடு என்பது சங்கக் கூட்டத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும்.

வரியும் உண்டு. கட்டி முடியாத புதிய வீட்டுக்கு 5 விழுக்காடு ஜிஎஸ்டி (மலிவு விலை வீடுகளுக்கு 1 விழுக்காடு). மறுவிற்பனைக்கு வரும் பழைய வீட்டுக்கு அது கிடையாது. மேலும் புதிய வளாகங்களில் விளம்பரத்தில் காட்டும் பரப்பில் படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை ஆகியவற்றின் பங்கும் அடங்கும். காகிதத்தில் சமமாகத் தெரியும் இரு வீடுகளில் பழையதன் அறைகள் பெரிதாக இருப்பது இதனால்தான்.

கவனிக்க வேண்டியவை

விலை சமம் என்பதால் மதிப்பும் சமம் என்று கொள்ளக்கூடாது. என்னோடு பணியாற்றிய ஆசிரியர் ஒருவர், ஓய்வூதியப் பணத்தில் மூன்றாம் மாடியில் பழைய வீடு வாங்கினார். பத்திரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து நிதானமாகப் படித்தபோதுதான், கீழ்வீடுகளுக்கு 600 சதுர அடி இருக்கத் தமக்கு 310 மட்டுமே எழுதியிருப்பது தெரிந்தது. அந்த மாடி பின்னாளில் எழுப்பப்பட்டது. கொடுத்த விலையோ கீழ்வீட்டின் விலை.

முன்பணம் கொடுக்குமுன் கிரயப் பத்திரத்திலும் மூலப் பத்திரத்திலும் நிலப்பங்கைப் பார்க்க வேண்டும். எல்லா வீடுகளின் பங்கையும் கூட்டினால் முழு மனை வருகிறதா, விற்பவர் மொட்டைமாடி உரிமையைத் தனியாக வைத்துக்கொண்டாரா, தளங்கள் அனைத்தும் அனுமதி வரைபடத்தில் உள்ளனவா என்பவற்றையும் சரிபார்க்க வேண்டும். வில்லங்கச் சான்று தனி. கடன் வாங்குவோர் முன்கூட்டியே வங்கியில் கேட்டுவிடுவது நல்லது. கட்டடத்தின் எஞ்சிய ஆயுள் குறைவாக இருந்தால் கடன் தொகையையோ தவணைக் காலத்தையோ வங்கி குறைக்கக்கூடும். கூரையில் காரை பெயர்ந்து கம்பி துருப்பிடித்துத் தெரிந்தால், பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டி, பழுதுபார்க்கும் செலவை விலையிலிருந்து கழித்தே பேச வேண்டும்.