கறவை வற்றிய பசுவை யார் வாங்குவார்?

செவ்வாய், வியாழன் ஆகிய நாட்களில் பொள்ளாச்சியில் மாட்டுச் சந்தை கூடுகிறது. அங்கே கைமாறும் அடிமாடுகள் லாரி ஏறி, கோபாலபுரம், மீனாட்சிபுரம், வேலந்தாவளம் சோதனைச் சாவடிகளைக் கடந்து பாலக்காடு மாவட்டத்துக்குள் நுழைகின்றன. தெற்கே கம்பம் பகுதி மாடுகளுக்குக் குமுளி வழி. மேலே ஏறினால் இடுக்கி. கறவை வற்றிய பசு எல்லை தாண்டினால்தான் அதை விற்ற விவசாயி அடுத்த மாட்டுக்குப் பணம் புரட்ட முடியும்.

ஆய்வகத்தில் வளர்த்த இறைச்சியை விற்க அனுமதிக்கலாமா என்ற விவாதத்தில் இந்த விவசாயி இடம்பெறுவதே இல்லை. அமெரிக்கா, சீனா, இந்தியா ஆகிய மூன்று நாடுகளில் நடந்த ஒரு கருத்துக் கணிப்பு 2019-ல் வெளியானது. அமெரிக்கர்களைவிட இந்தியர்களிடம் இத்தகைய இறைச்சிக்கு வரவேற்பு கணிசமாக அதிகம் என்றது அது. ஆனால் இந்தியாவில் பதில் சொன்னவர்களில் பெரும்பாலோர் நகரவாசிகள், நன்கு படித்தவர்கள், வசதியானவர்கள். சாப்பிடுவீர்களா என்று கேட்டார்கள்; மாடு வைத்திருக்கிறீர்களா என்பது கேள்வியாக இல்லை.

தொழில்நுட்பம் இதுதான்: விலங்கிலிருந்து சிறிதளவு திசுவை எடுத்து, ஊட்டத் திரவம் நிரம்பிய கலனில் அதன் செல்களைப் பெருக்குகிறார்கள். 2013-ல் நெதர்லாந்து விஞ்ஞானி மார்க் போஸ்ட் லண்டனில் அறிமுகப்படுத்திய முதல் பர்கருக்கு ஆன செலவு சுமார் 2.5 லட்சம் யூரோ. 2020 டிசம்பரில் சிங்கப்பூர் முதன்முதலாக விற்பனைக்கு அனுமதி தந்தது. கொல்லாமல் கிடைக்கும் கறி என்ற பெருமையில் ஓர் உறுத்தல் உண்டு. ஆரம்பத்தில் செல்களை வளர்க்கப் பயன்பட்டது, வெட்டப்பட்ட சினைப் பசுவின் கருவிலிருந்து எடுத்த ரத்தநீர். மாற்றுத் திரவங்கள் பிறகே வந்தன.

கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2024 ஜனவரியில் ஒரு தனியார் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆனால் அது மீன் இறைச்சிக்கு. புத்திசாலித்தனமான தொடக்கம், மீனுக்காக யாரும் கொடி பிடிக்கப் போவதில்லை.

மாடு வேறு விஷயம் என்பதை 2017 காட்டியது. வெட்டுவதற்காகச் சந்தையில் மாடு விற்கக் கூடாது என்று மே 23-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. கேரளத் தெருக்களில் மாட்டிறைச்சி சமைத்துப் போராடினார்கள். ஜூன் 8-ல் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. ஆனால் விதிக்கு முதலில் தடை விதித்தது தமிழ்நாட்டில், மே 30-ல், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. ஜூலையில் அது நாடு முழுவதற்கும் நீண்டது. தின்பவர் அக்கரையில், விற்பவர் இக்கரையில். அந்த முறை இருவர் கட்சியும் ஒன்றாக இருந்தது.

ஆய்வக இறைச்சி வந்தால் அந்தக் கூட்டணி நிலைக்குமா? இத்தாலி 2023-லும், அமெரிக்காவின் ஃபுளோரிடா 2024-லும் இதற்குத் தடை விதித்தபோது, கால்நடை வளர்ப்போரைக் காப்பதே முக்கிய வாதம்.

இடுக்கியின் நாக்கு ஒருவேளை அவசரப்படாது. அங்கே பெயர் பெற்ற கப்பை பிரியாணியில் மரவள்ளிக்கிழங்கோடு மசிவது எலும்போடு கூடிய மாட்டுக்கறி. கலனில் எலும்பு வளர்வதில்லை. ஆனால் ஓட்டலில் தட்டுக்கு வரும் வறுவல் துண்டுகளுக்கு எலும்பு தேவையில்லை. அந்த வியாபாரம் கலனுக்குப் போய்விட்டால் பொள்ளாச்சியில் அடிமாட்டு விலை சரியும். விற்காத பசுவுக்கும் தினசரி தீவனம் போட்டாக வேண்டும்.