ஹேசல் என்னும் புயல்

கனடாவின் டொராண்டோவை ஒட்டியுள்ள மிசிசாகா நகரில் 36 ஆண்டுகள் ஒரே மேயர்தான்: ஹேசல் மெக்காலியன். மக்கள் வைத்த செல்லப்பெயர், 'ஹரிக்கேன் ஹேசல்'.

1921இல் கியூபெக் மாகாணத்தில் பிறந்த அவர், இளம் வயதில் மாண்ட்ரியலில் பெண்கள் ஐஸ் ஹாக்கி ஆடியவர். ஸ்ட்ரீட்ஸ்வில் என்ற சிற்றூருக்கு 1970இல் மேயரானார். 1974இல் அவ்வூர் மிசிசாகாவுடன் இணைக்கப்பட்டதைக் கடுமையாக எதிர்த்தார். ஆனால் அதே மிசிசாகாவில் கவுன்சிலராகி, 1978இல் மேயர் நாற்காலியைப் பிடித்தார்.

மறு ஆண்டே சோதனை வந்தது. 1979 நவம்பர் 10 நள்ளிரவு நெருங்கும் வேளையில், ரசாயனம் ஏற்றிய சரக்கு ரயில் தடம் புரண்டு வெடித்தது. குளோரின் கசிந்தது. இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் வெளியேற்றப்பட்டனர். கணுக்கால் சுளுக்கிய நிலையிலும் நொண்டியபடியே மேயர் பணிகளைக் கவனித்தார். ஓர் உயிர்கூடப் போகவில்லை.

அதன்பின் அவரை யாராலும் அசைக்க முடியவில்லை. பிரசாரமே செய்யாமல் ஜெயித்தார். நன்கொடை தர வந்தவர்களிடம் தொண்டு நிறுவனங்களுக்குக் கொடுக்கச் சொன்னார்.

குறைகளும் உண்டு. மகன் தொடர்புடைய ஹோட்டல் திட்டத்துக்காகப் பேசியதில் நலன் முரண் இருந்ததாக 2011இல் நீதி விசாரணை கூறியது. காரில்லாமல் நடமாட முடியாதபடி நகரைப் பரப்பிவிட்டார் என்ற விமர்சனமும் எழுந்தது.

2014இல், 93 வயதில் ஓய்வு பெற்றார். 2023இல் மறைந்தபோது வயது 101. நகரின் புதிய இலகு ரயில் பாதைக்கு அவர் பெயரே சூட்டப்பட்டுள்ளது.