பேச்சுக்கு முன்னால் விரல்

“ஒரு வயசாச்சு, இன்னும் அம்மான்னு கூப்பிடலையே!” வீடுகளில் எழும் கவலை இதுதான். குழந்தை விரல் நீட்டிக் காட்டுகிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு. மருத்துவர்கள் விசாரிப்பது அதையும்தான்.

காது முந்திக்கொள்கிறது

ஏழாம் மாதத்துக்குள் வயிற்றுக் குழந்தைக்கு வெளிச்சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். பிறந்து மூன்று நாள்கூட ஆகாத சிசுக்கள், சப்பும் தாளத்தை மாற்றி அம்மாவின் குரலையே ஒலிக்கவைத்துக் கேட்டன. 1980இல் அமெரிக்காவில் டிகாஸ்பரும் ஃபைஃபரும் வெளியிட்ட ஆய்வு இது.

ஏழெட்டு மாதம்வரை எந்த மொழியின் ஒலியும் குழந்தைக்குப் புதிதல்ல. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகூட இந்தியின் ‘த’, ‘ட’ வேறுபாட்டைக் கண்டுகொள்ளும். ஒரு வயதை நெருங்கும்போது அந்தத் திறன் மங்கிவிடும். நம் வீடுகளில் தாத்தாவும் டாட்டாவும் தினமும் காதில் விழுவதால் நிலைத்துவிடுகிறது.

பருப்பு கடையும் பாடம்

இரண்டாம் மாதத்தில் குழந்தை ‘ங்கா’ என்னும். நாம் பதில் சொல்லி நிறுத்தினால், கொஞ்சம் பொறுத்து மறுபடி ‘ங்கா’ வரும். உரையாடலின் முறைவைப்பு இங்கேயே ஆரம்பம்.

உள்ளங்கையில் பருப்பு கடையும் விளையாட்டைக் கவனியுங்கள். பாட்டியின் விரல் அக்குளை எட்டுமுன்பே பேரன் நெளிவான். அடுத்து என்னவென்று அவனுக்குத் தெரியும். பாதியில் நிறுத்திப் பாருங்கள். பாட்டியின் கையைப் பிடித்து இழுப்பான். சொல் இல்லாமலே ஒரு வேண்டுகோள்!

பாட்டியைப் போலக் கைபேசி குழந்தைக்காகக் காத்திருக்காது. 2003இல் பட்ரீசியா குல் குழுவினர் 9 மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கச் செய்தார்கள். எதிரே அமர்ந்து விளையாடியவரிடம் குழந்தைகள் அதன் ஒலிகளைக் கற்றன. அதே ஆட்கள் திரையில் வந்தபோது கற்கவில்லை. சோறூட்டக் கைபேசி தருவது நமக்குத்தான் வசதி.

ஒரு வயதையொட்டி விரல் நீளும். பிஸ்கட்டைக் கேட்டு நீட்டுவது ஒருவகை. காக்காவைக் காட்டிவிட்டு அம்மா முகத்தைத் திரும்பிப் பார்ப்பதோ, ‘நீயும் பாரேன்’ என்பது. அந்த நொடியில் “ஆமா, காக்கா!” என்றால் சொல் பொருளோடு ஒட்டிக்கொள்ளும்.

எப்போது மருத்துவரிடம் காட்ட வேண்டும்?

காது கேளாத குழந்தையும் முதல் மாதங்களில் ‘ங்கா’ சொல்லும். அதனால் வீட்டில் சந்தேகம் வராது. பிறந்த ஒரு மாதத்துக்குள் செவித்திறன் சோதனை எல்லாக் குழந்தைக்கும் தேவை. நெருங்கிய உறவில் மணமானவர்கள் தவறவே விடக்கூடாது.

ஒரு வயதாகியும் ‘பாபா’, ‘மாமா’ என்ற மழலையோ விரல் காட்டுவதோ இல்லை, ஒன்றரை வயதை நெருங்கியும் ஒரு சொல்கூட வரவில்லை, இரண்டு வயதில் இரு சொல் சேரவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வந்த பேச்சு நின்றுபோனால் எந்த வயதானாலும் உடனே. “அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்” என்று காத்திருக்க வேண்டாம். நாக்கில் வசம்பு தேய்ப்பதால் பேச்சு வராது.

அரசு மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். காது கேட்க உட்செவியில் பொருத்தும் காக்ளியர் கருவி தேவைப்பட்டால், தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பொருத்துகிறார்கள். எவ்வளவு முன்னதாகப் பொருத்துகிறோமோ அவ்வளவு தெளிவாகப் பேச்சு வரும்.